அந்தத் தலைப்படத்தை யாருக்குக் காட்டுவது

பாவாயியின் அப்பா வீட்டைவிட்டுக் கிளம்பி நாங்கள் இருவரும் நடந்துகொண்டிருந்தோம். எருமப்பட்டிக்கு மேற்கே, இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட இட்டேரிப் பாதை. பாவாயியின் புருசன் செல்லமுத்து முன்னால் போனார். தலையில் ஈரத்துண்டு. மெட்ராசில் மண்டையைத் திறந்து மூடிய தழும்பு காதுக்கு முன்னால் கொஞ்சம் தெரிந்தது. நான் பின்னால் போனேன். கையில் எக்ஸ்ரே படங்கள் வைத்த பெரிய பழுப்பு உறை. சற்று முன் பாவாயி வாசலில் நின்று ஒரு சொல் சொன்னார். அதனால்தான் கிளம்பிவிட்டோம்.

“இத எனக்கெதுக்குங்க காட்டறீங்க? நான் ஒண்ணும் வெக்கலீன்னு எனக்குத் தெரியாதுங்களா? காட்ட வேண்டிய எடத்துல போய்க் காட்டுங்க.”

இதையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். புருசன் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் வெயிலில் வந்தவர் என்று ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து அவருக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

காட்ட வேண்டிய இடம் செல்லமுத்துவின் தோட்டத்து வீடு. அங்கே அவருடைய ஆத்தாவும் அண்ணனும் இருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கச் சொன்னேன். “நின்னா மனசு மாறிப் போயிருமுங்க. நடந்தே போயிரலாம்” என்றார். டாக்டர் அவரை வெயிலில் நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நானும் அதைச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. போன மாதம் நான் வேலை செய்த ஸ்கேன் சென்டரில் எனக்கு மாலை போட்டு ஓய்வு கொடுத்து வழியனுப்பினார்கள். அப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினார்கள். மூளைக்குள் ஓடுகிற நரம்பு இழைகள் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில், தறியில் பாவு பிரித்துப் போட்டது போல இருந்தது. ஆளைத் தொடவே இல்லை, ஊசி இல்லை. அசையாமல் படுத்திருந்தால் போதும். “அண்ணா, ஸ்கேன் இல்லாத காலத்துல மண்டைக்குள்ள இருக்கறத எப்படித்தான் பாத்தீங்க?” என்று ஒரு பெண் கேட்டாள். கழுத்தில் குத்திப் பார்த்தோம் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அதனால் எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். நாமக்கல்லில் லாரிக்கு கிளீனராகப் போனேன். பிறகு ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட ஆந்திரா வரை போய் வந்தேன். ஜவ்வரிசி செய்கிற சேகோ ஃபேக்டரியில் மாவு காயப் போட்டேன். எங்கேயும் ஒரு வருசம் தங்கியதில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்குத்தான் கால் நிற்காது. சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கனம் தூக்கத் தெரிய வேண்டும், இருட்டுக்குப் பயப்படக் கூடாது. அவ்வளவுதான் தகுதி. சூரமங்கலத்தில் ரயில்வேக்காரர் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் படுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அங்கே நரம்பு வைத்தியத்துக்கென்று ஒரு டாக்டர் இருந்தார். மெட்ராசில் படித்தவர். அளந்துதான் பேசுவார். நோயாளியை எப்போதும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். கூட வந்தவர்களிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். “கட்டி இருக்கு. எடுக்கணும்.” அல்லது, “ஒண்ணும் இல்லை. மாத்திரை தர்றேன்.” சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் ஒரே குரல்.

சாதாரண எக்ஸ்ரேயில் மண்டை ஓடுதான் தெரியும், உள்ளே இருக்கிற மூளை தெரியாது. அதனால் கழுத்தில் துடிக்கிற பெரிய ரத்தக்குழாயில் நேராக ஊசியைச் செருகி, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிற சாயத்தைக் கையால் அழுத்தி ஏற்றுவார் டாக்டர். அது மூளைக்குள் ஏறி இறங்கச் சில நொடிதான் ஆகும். அதற்குள் வரிசையாகப் படம் எடுத்தாக வேண்டும். நோயாளியின் தலைக்குக் கீழே, தச்சரிடம் சொல்லிச் செய்த ஒரு மரப்பெட்டி இருந்தது. படத்தகடுகளை அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்போம். டாக்டர் “இப்போ” என்பார், டெக்னீசியன் சுவிட்சை அழுத்துவார், நான் மேல் தகட்டை வெடுக்கென்று இழுப்பேன். ஸ்பிரிங் அடுத்ததை மேலே தள்ளும். “இப்போ.” மறுபடி இழுப்பேன். முந்தி இழுத்தால் படம் கலங்கிவிடும், பிந்தினால் சாயம் போய்விடும். தவறினால் மறுபடி அந்த ஆளின் கழுத்தில் குத்த வேண்டும்.

ஆகவே ஊசி போடுவதற்கு முன் டாக்டர் ஒவ்வொரு முறையும் ஒத்திகை பார்ப்பார். எத்தனை பேருக்குச் செய்திருந்தாலும் சரி. வெறும் ஊசிக்குழலைக் கையில் பிடித்துக்கொண்டு “இப்போ, இப்போ, இப்போ” என்பார், நான் காலித் தகடுகளை இழுக்க வேண்டும். அவருக்குத் திருப்தி வந்த பிறகுதான் நோயாளியை உள்ளே கொண்டுவரச் சொல்வார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் கழுத்தில் நாடியைத் தேடுவார். அந்த நேரம் அறையில் யாரும் செருப்பைக்கூட அசைக்கமாட்டோம். எக்ஸ்ரே கதிர் படாமலிருக்கப் போடுகிற ஈயக் கோட்டு இரண்டு இருந்தது. நல்லது அவருக்கு, தோளில் கிழிந்தது எனக்கு.

சாயம் ஏறும்போது அந்தப் பக்கத்து முகமெல்லாம் தீயாய் எரியும். லாரி ஓட்டுகிற முரட்டு ஆட்களே அம்மா என்று கத்துவார்கள். சிலருக்குப் பிறகு கை கால் விளங்காமலும் போயிருக்கிறது. அது நடந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த அறையில் எல்லாருடைய எண்ணமும். படம் எடுத்ததும் தகடுகளோடு நான் இருட்டறைக்கு ஓடுவேன். சேலத்து வெயிலுக்குக் கழுவுகிற மருந்து சூடேறிப் படம் கெட்டுவிடும் என்று தொட்டியைச் சுற்றி ஐஸ்கட்டி போட்டு வைத்திருப்போம். சொட்டச் சொட்டப் படத்தைத் தூக்கி வந்து வெளிச்சப் பெட்டியில் மாட்டுவேன். டாக்டர் மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்ப்பார்.

செல்லமுத்துவை இப்படித்தான் கொண்டுவந்தார்கள். நல்ல உழைப்பாளி, வாய் அதிர்ந்து பேசாத குடியானவர் என்று கேள்வி. கொஞ்ச காலமாக ஆள் மாறிவிட்டார். தண்ணீர் பாய்ச்சப் போனால் மடையைத் திறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். பெண்டுபிள்ளைகள் இருக்கிற இடத்தில் வேட்டியை அவிழ்த்துவிட்டு நிற்பார். சாவு வீட்டில் சிரித்தாராம். பிறகு வலிப்பு வந்தது, கண் மங்கியது.

கூட வந்தவர்கள் மூன்று பேர். ஆத்தா, அண்ணன் காளியண்ணன், கல்யாணமாகி இரண்டு வருசமான பாவாயி. முதல் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாவாயி தள்ளிப்போய் மாடிப்படியோரம் நின்றார். ஏன் என்று நான் கேட்காமலே காளியண்ணன் சொன்னார்.

“இடுமருந்துப்பா. சோத்துல வெச்சுட்டா.”

புருசனைக் கைக்குள் போட்டுக்கொள்ள மனைவி சோற்றில் எதையோ கலந்து கொடுப்பது, அது வயிற்றில் உருண்டையாகத் தங்கி ஆளைக் கெடுப்பது. இதற்கு எங்கள் பக்கத்தில் இடுமருந்து என்று பெயர். அதை வாந்தியில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறவர்களும் ஊருக்கு ஊர் உண்டு. பாவாயி கல்யாணமான புதிதில் தனிக்குடித்தனம் போகலாம் என்று ஒருமுறை கேட்டுவிட்டார். அதற்கு அப்புறம் செல்லமுத்து மாறினார். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணு என்றதற்கு, “செய்யாத தப்புக்கு எதுக்குச் சூடம்?” என்று பாவாயி மறுத்திருக்கிறார். முடிச்சு இறுகிவிட்டது.

செல்லமுத்து மேசையில் சத்தம் போடவில்லை. சாயம் ஏறியபோது சிரித்தார். அந்த அறையில் முகம் எரியும்போது சிரித்த ஆள் அவர் ஒருவர்தான்.

படத்தைக் கழுவி மாட்டினேன். ரத்தக்குழாய்களெல்லாம் முதல் படங்களில் வெள்ளைக் கொடிகளாக ஓடி, கடைசிப் படத்தில் மறைந்துவிட்டன. மறையாமல் ஒன்று மட்டும் நின்றது. கண்ணுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால், எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக ஒரு வெள்ளை உருண்டை. டாக்டர் ஆத்தாவையும் அண்ணனையும் உள்ளே கூப்பிட்டார். “இதுதான் கட்டி. மெட்ராஸ் போய் எடுக்கணும். எடுத்தாப் பிழைப்பார். விட்டாக் கண் போகும், அப்புறம் உயிரும் போகும்” என்றார். கை கழுவப் போய்விட்டார்.

காளியண்ணன் படத்தின் கிட்டே போனார். விரல் வைக்கப் போய் எடுத்துக்கொண்டார்.

“ஆத்தா, பாத்தியா? வெள்ளையா, உருண்டையா. சோத்துல வெச்சது மண்டைக்கு ஏறி உக்காந்திருக்குது. நாஞ்சொன்னப்ப ஒருத்தனும் நம்புல. மெசினே காட்டிக் கொடுத்துருச்சு.”

ஆத்தா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதது. காளியண்ணன் தம்பியை எழுப்பி உட்காரவைத்தார். “மெட்ராசு எதுக்கு? மருந்தெடுக்கறவங்ககிட்டப் போனா ஒரு வாந்தியில வந்துரும். எந்திரிடா சாமி.”

வெளியே மாடிப்படியோரம் நின்ற பாவாயிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. நான் ஐஸ் வாளியோடு வந்தபோது வழிமறித்தார்.

“ஏனுங்க, அவுங்க சொல்றாப்பல வாந்தியில வருமுங்களா?”

“வராதுங்க. மண்டையத் தொறந்துதான் எடுக்கோணும்.”

“தொறந்தாப் பொழைச்சுக்குவாங்களா?”

“டாக்டர் பொழைப்பாருன்னுதானுங்க சொன்னாரு. அவரு ஆறுதலுக்கெல்லாம் பேசற ஆளில்லீங்க.”

 பாவாயி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக உள்ளே போனார். மாமியாருக்கு எதிரில் நின்றார்.

“நாந்தான் வெச்சேன்.”

ஆத்தா வாயிலிருந்து முந்தானையை எடுத்தது.

“வாந்தியில வர்ற மருந்தில்லீங்க அத்த அது. எங்க போனாலும் வராது. மண்டையத் தொறந்தாத்தான் வரும்னு சொல்லித்தான் எனக்குக் கொடுத்தாங்க. மெட்ராசுக்கே கூட்டிட்டுப் போங்க.”

ஆத்தா எழுந்து அறைந்தது. வராந்தாவில் இருந்த நோயாளிகள், நர்சுகள், டீக்காரர் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பாவாயி கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஈரக் கையோடு வந்த டாக்டர் கதவருகே நின்றிருந்தார். கடைசிப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது. “அம்மா, நீங்க என்ன…” என்று தொடங்கினார்.

“சார், வண்டிக்குச் சொல்லுங்க சார்” என்றார் பாவாயி.

டாக்டர் அவரையே பார்த்தார்.  பிறகு என்னிடம், “வண்டி சொல்லு” என்றார்.

காளியண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. வைத்தவளே சொல்லிவிட்டாளே. அன்றைக்கே செல்லமுத்துவை மெட்ராசுக்குக் கொண்டுபோனார்கள். பாவாயியை வண்டியில் ஏற்றவில்லை. “இனி எங்கூட்டு வாசப்படி மிதிச்சீன்னா” என்று சொல்லிக் காளியண்ணன் வண்டிக் கதவை அடித்துச் சாத்தினார். பாவாயி தலையாட்டிவிட்டு எருமப்பட்டி பஸ்ஸுக்கு நடந்தார்.

மெட்ராசில் கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். சில மாதம் கழித்துச் செல்லமுத்து எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்கு வந்தார். தனியாக வந்தார். பேச்சு தெளிவாக இருந்தது, கண்ணும் பாதிக்கு மேல் திரும்பியிருந்தது. டாக்டர் கையைக் காலைத் தட்டிப் பார்த்து முடித்தார். செல்லமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டார்.

“டாக்டருங்க, எம்பொண்டாட்டி வெச்ச மருந்தத்தான் எடுத்தீங்கன்னு ஊட்டுல சொல்றாங்க. அது என்ன மருந்துங்க? எனக்கு அவ ஒரு நாளும் கெடுதல் நெனச்சாப்பல நெனவில்லீங்க.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோயாளியோடு பேச அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பழைய படங்களை எடுக்கச் சொன்னார். சாயம் ஏற்றாத முதல் படத்தில், கட்டி ஒட்டியிருந்த இடத்தில் மண்டை ஓடு பக்கத்து எலும்பைப் போல இல்லாமல் புடைத்துத் தடித்திருந்தது.

“எலும்பு இவ்வளவு தடிக்கப் பல வருஷம் ஆகும். உங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம். இந்தக் கட்டி உங்க மனைவிக்கு முன்னாலயே உங்க வீட்டுக்கு வந்தாச்சு. இந்த இடத்துல கட்டி வளர்ந்தா முதல்ல மூக்கைத்தான் கெடுக்கும். வாசனை தெரியாமப் போனது எப்போன்னு வீட்டுல கேளுங்க.”

செல்லமுத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “அப்பறம் எதுக்குங்க அவ ஒத்துக்கிட்டா?” என்றார்.

 நான்தான் சொன்னேன். “உங்க அண்ணன் வேற எப்படிங்க உங்கள மெட்ராசுக்கு விட்டிருப்பாரு?”

அந்த மனிதர் அழுததை எழுத எனக்குத் தெரியவில்லை. டாக்டர் படங்களை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். “கூடப் போயிட்டு வா” என்றார். மனைவியிடம்தான் முதலில் போக வேண்டும் என்று செல்லமுத்து சொன்னார். போனோம். அங்கே கிடைத்த பதிலோடுதான் இட்டேரியில் நடந்துகொண்டிருந்தோம்.

தோட்டத்து வீட்டை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். நான் படத்தை வானத்துக்கு நேராகப் பிடித்து, எலும்பு தடித்த இடத்தைக் காட்டி, டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

காளியண்ணன் சிரித்தார். “ஏப்பா, அன்னைக்கும் நீதான் படம் காட்டுன. இன்னைக்கும் நீதான் காட்டற. அன்னைக்குக் கட்டிங்கற, இன்னைக்கு எலும்புங்கற. எம்பட தம்பி உனக்கு என்ன வாங்கிக் கொடுத்தான்?”

“ஒரு சொம்பு மோருங்க. அதும் அவருக்கு வெச்சதுல பாதி” என்றேன். கடலைக்காய் உரித்த பெண்கள் சிரித்தார்கள். ஆத்தா சிரிக்கவில்லை.  டாக்டர் கேட்கச் சொன்னதையே கேட்டேன்.

“ஆத்தா, இவருக்கு மோப்பம் தெரியாமப் போனது எப்பருந்துங்க?”

“மோப்பமா?” என்றது ஆத்தா. கையில் இருந்த கடலைக்காய் அப்படியே நின்றது. “போருல தீப்புடிச்சப்ப…”

பக்கத்துத் தோட்டத்துக்காரி முந்திக்கொண்டாள். “அட ஆமா! வைக்கப்போரு எரியுது, போருக்கு அடியிலயே படுத்துக் கெடக்கறான். ஊரே புகையில இருமுது, இவனுக்கு ஒண்ணும் தெரீல. எங்கூட்டுக்காரருதான் காலப் புடிச்சு இழுத்துப் போட்டாரு. மூக்கில்லாத மாப்பிள்ளைன்னு எல்லாரும் கேலி பேசுனோமே.”

“அது எப்பங்க?” என்றேன்.

ஆத்தா மெதுவாகச் சொன்னது. “பொண்ணு பாக்கப் போறதுக்கு முந்துன வருசம்.”

 ஆத்தா எழுந்து போய்ச் செல்லமுத்துவின் தலைத்துண்டை எடுத்தது. தழும்பைக் காதிலிருந்து காது வரை விரலால் தடவியது. பிறகு மூத்த மகனைப் பார்த்தது.

“வண்டியப் பூட்டு.”

“எங்க போக ஆத்தா?”

“எம்மருமவ ஊட்டுக்கு.”

“நாம போய்க் கூப்புடறதா? ஊரு சிரிக்காதா?”

“ஆசுபத்திரியில அத்தன பேரு பாக்க அடிச்சேன். நாலு பேரு பாக்கத்தான் கூப்புடோணும். பூட்டுடா.”

காளியண்ணன் மாட்டை அவிழ்க்கப் போனார். ஆத்தா கால் கழுவி, வேறு சேலை கட்டி, வண்டியில் ஏறியது. செல்லமுத்து ஏறவில்லை, மாட்டுக்கு முன்னால் நடந்தார். என்னையும் வரச் சொன்னார்கள். அந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை என்று தோன்றியது. நாமக்கல் பஸ் பிடித்தேன். தனிக்குடித்தனம் வைத்தால் வருகிறேன் என்று பாவாயி மாமியார் முகத்துக்கு நேராகவே சொன்னதும், ஆத்தா சரி என்றதும் எனக்குப் பிறகு செல்லமுத்து சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் காலை நான் போனபோது டாக்டர் வெளிச்சப் பெட்டி முன்னால் நின்றிருந்தார். நடந்ததைச் சொல்லச் சொன்னார். ஒன்று விடாமல் கேட்டார். வைக்கோற்போர் தீயைச் சொன்னபோது மட்டும், “நான் அதை முதல் நாளே கேட்டிருக்கணும்” என்றார். பிறகு, “வெளிநாட்டுல ஒரு மெஷின் வந்திருக்கு. ஊசி இல்லாமலே மூளையை வெட்டி வெட்டிக் காட்டுதாம். நம்ம ஊருக்கும் ஒருநாள் வரும். படம் இன்னும் நல்லாத் தெரியும். ஆனா அந்தப் படமும் தானாப் பேசாது” என்றார். 

கொஞ்சம் கழித்து, “இன்னையிலிருந்து நான் படம் காட்டும்போது பக்கத்துல நில்லு. நான் சொல்றதை அவங்க பேச்சுல சொல்லு. அவங்க கேக்கறதை எனக்குச் சொல்லு. எல்லாம் கேட்டு முடிக்கிற வரைக்கும் நான் கை கழுவப் போகமாட்டேன்” என்றார். தகடு இழுக்கிற வேலையும் எனக்கேதான் இருக்கும், சம்பளத்தில் மாற்றம் இல்லை என்றார். நான் அந்த மாதத்தோடு நின்றுவிட்டு பம்பாய் லாரி ஏறுவதாக ஏற்கனவே ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அதைச் சொல்லாமல், “சரிங்க சார்” என்றேன்.

முதலில் வந்தது ஓமலூர்ப் பக்கத்துக் குடும்பம். மாட்டிய படத்தைச் சுற்றி நோயாளியின் அப்பா, சித்தப்பா, மச்சான் என்று ஆண்கள் நெருக்கி நின்றார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால், கதவுக்கு வெளியே, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

“அவங்க யாருங்க?” என்றேன்.

“அவனோட சம்சாரந்தான். நீங்க சொல்லுங்க” என்றார் சித்தப்பா.

“கொஞ்சம் வழி விடுங்க” என்றேன். “அம்மணி, நீங்க முன்னால வாங்க.”